காலாட்டிக்கொண்டு சாப்பிட்டவர்

எங்கள் தெருவில் யாருக்காவது வசதியான இடத்தில் சம்பந்தம் அமைந்தாலும், யாருடைய பிள்ளைக்காவது ஃபேனுக்குக் கீழே வேலை கிடைத்தாலும், உடனே ஒரு வாய் சொல்லும்: “அவனுக்கென்னப்பா, இனிமே காலாட்டிக்கிட்டே சாப்பிடலாம்.” மற்ற ஊர்களிலும் இப்படிச் சொல்கிறார்கள். அங்கெல்லாம் அந்தப் பேச்சு எப்படி வந்ததோ, அது அவர்கள் பாடு. எங்கள் தெருவில் அது ஒரே ஒரு மனிதரைப் பார்த்துக் கிளம்பியது. அவர் என் அக்காவின் கணவர். அதனால் அந்தப் பேச்சு காதில் விழுந்தால் எனக்கு இன்றைக்கும் உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரை எரிகிறது.

அத்தானுக்குத் தெரு வைத்த பெயர் ‘காலாட்டி’. அவரும் என் அண்ணனும் நானும் ஒரே சோப்பு ஃபாக்டரியில் வேலை பார்த்தோம். நான் பேக்கிங்கில், ஜன்னல் ஓரமாக நின்று சோப்புக்குக் காகிதம் சுற்றுவேன். அவர்கள் இரண்டு பேரும் முற்றத்தில் இருப்பார்கள். முற்றத்துக்கு அடியில் எண்ணெய்த் தொட்டிகள் இருந்தன. எண்ணெய் தீர்ந்த பிறகு அடியில் கசடு கெட்டியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த லோடு வருவதற்குள் ஒரு ஆள் உள்ளே இறங்கி அதைச் சுரண்டி வாளியில் போட வேண்டும். தொட்டிக்குள் அடைந்து கிடக்கும் காற்று மனிதருக்கு ஆகாது. கொஞ்சம் இழுத்தால் தலை சுற்றும். இன்னும் கொஞ்சம் இழுத்தால் ஆள் விழுந்துவிடுவான், அப்புறம் எழுந்திருக்க மாட்டான்.

இறங்குகிறவர் அண்ணன். முகத்தை இறுக்கி மூடும் முகமூடி, அதிலிருந்து நீண்ட ஒரு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனை மேலே, தொட்டி வாயிலிருந்து எட்டக் கிடக்கும் ஒரு துருத்தியில் முடியும். அந்தத் துருத்தி மூச்சு விட்டால்தான் கீழே இருப்பவருக்கு மூச்சு. துருத்திக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அதில் அத்தான்.

முன்பெல்லாம் துருத்தியைக் கையால் அமுக்குவார்களாம். கை சீக்கிரம் ஓய்ந்துபோகும். இரண்டு கையும் துருத்தியில் இருந்தால் கயிற்றை யார் பிடிப்பது? கீழே இருப்பவர் இடுப்பில் கட்டிய கயிறு மேலே ஒருவர் கையில் இருக்க வேண்டும். அவர் இழுத்தால் இவருக்குத் தெரிய வேண்டும். அதனால் அத்தான் துருத்தியின் கைப்பிடியில் ஒரு தோல் வாரைக் கட்டினார். நாற்காலியில் உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, மேல் காலின் பாதத்தை அந்த வாரில் மாட்டிக்கொண்டார். கால் ஆட ஆடத் துருத்தி ஏறி இறங்கும். இடது கையில் கயிறு. வேலை பாதியில் நிற்காது, மத்தியானத்தைத் தாண்டியும் போகும். ஆகவே வலது கையால் மடியிலிருக்கும் டிபன் டப்பாவைத் திறந்து அப்படியே சாப்பிடுவார்.

இதுதான் காட்சி. ஆபீஸ் ஜன்னல்கள் எல்லாம் முற்றத்தைப் பார்த்துத்தான் இருந்தன. ஒரு மனிதன் நிழலில் நாற்காலி போட்டு, கால் மேல் கால் போட்டு, காலை ஆட்டிக்கொண்டு சாப்பிடுகிறான். தொட்டிக்குள் இருக்கும் ஆள் அந்த ஜன்னல்களுக்குத் தெரியமாட்டார். ஆபீஸ் கிளார்க் ஒருவர்தான் முதலில் சொன்னார்: “பொழச்சா இவனை மாதிரி பொழைக்கணும்யா. காலாட்டிக்கிட்டே சாப்பிடுறான், சம்பளமும் வருது.” அதைப் பியூன் கேட்டு, பியூன் எங்கள் தெருவில் குடியிருந்ததால் அது எங்கள் தெருவுக்கு வந்தது. பிறகென்ன, ஊர் வாயை மூட உலை மூடியா இருக்கிறது?

அத்தான் மேல் இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு, தலைக்கனம் என்று. அவர் நாற்காலியில் இருக்கும்போது யார் வணக்கம் சொன்னாலும் திரும்ப மாட்டார். மேனேஜரே கடந்து போனாலும் அவர் பார்வை துருத்தித் தோலில்தான் இருக்கும். வீட்டுக்கு வந்த பிறகும் அதிகம் பேச மாட்டார். முகம் கழுவிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். அந்த நேரத்தில் அவரைக் கடந்து போகிறவர்கள், “வீட்டுலயும் ரெஸ்ட், ஃபாக்டரியிலயும் ரெஸ்ட். மச்சம்டா காலாட்டிக்கு” என்பார்கள். அவர் சிரித்துவைப்பார். அக்காவுக்குத்தான் சிரிப்பு வராது. தன் புருஷன் சோம்பேறி என்று ஊரே சொல்லிக்கொண்டிருந்தால் எந்தப் பெண்ணுக்குச் சிரிப்பு வரும்?

அது வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அண்ணன் வீட்டில். எல்லோரும் சாப்பிடப் போயிருந்தோம். ஆண்கள் முதலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அண்ணி குழாயடியில் அண்ணனின் வேலைச் சட்டையைப் போட்டுக் கும்மிக்கொண்டிருந்தாள்.

“பேருதான் சோப்பு ஃபாக்டரி. இந்தச் சட்டையை வெளுக்க அந்த ஃபாக்டரி சோப்பு மொத்தமும் பத்தாது.”

எல்லோரும் சிரித்தோம். அண்ணி அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? அக்கா பக்கம் திரும்பினாள்.

“உனக்கு இந்தத் தொல்லை இல்ல. உன் வீட்டுக்காரர் சட்டையில மடிப்புகூடக் கலையாது. ஒருத்தர் நரகத்துல இறங்கணும், ஒருத்தர் காலாட்டிக்கிட்டுச் சாப்பிடணும். எல்லாம் தலையெழுத்து.”

அண்ணியை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். அண்ணன் இருமுவதை அவள் பக்கத்தில் படுத்துக் கேட்பவள். தொட்டி வேலை இருக்கும் நாளில் வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப் போகிறவள். பயந்தவள் வாயில் நல்ல வார்த்தை வராது. ஆனால் அந்த வார்த்தை விழுந்தது அக்காவின் மேல்.

“நாளைக்கு என் வீட்டுக்காரர் இறங்குவாரு அண்ணி. அண்ணன் மேல உக்காந்து சாப்பிடட்டும்.”

அத்தான் தலையை நிமிர்த்தினார். “மச்சானுக்கு மேல உக்காந்து பழக்கமில்ல” என்றார்.

“காலாட்டறதுக்குப் பழக்கம் வேற வேணுமாண்ணே?” என்றாள் அண்ணி.

அண்ணன்தான் அதிகம் சிரித்தான். எச்சில் கையோடு அத்தானின் முதுகைத் தட்டி, “விடுங்க மாப்ள, ஒரு நாளாச்சும் நான் ராஜா மாதிரி இருந்துட்டுப் போறேன்” என்றான். அக்கா மட்டும் சிரிக்காமல் அத்தானையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“பயமா இருந்தா சொல்லிடுங்க” என்றாள்.

எத்தனையோ வருடம் யார் என்ன சொன்னாலும் துடைத்துப் போட்ட மனிதர், பெண்டாட்டி சொன்ன அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தார். எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்து, “சரி” என்றார்.

மறுநாள் அவர்கள் இடம் மாறுவதை நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். அத்தான் முகமூடியைக் கையில் வைத்துக்கொண்டு, குனிந்து, அண்ணனின் பாதத்தில் வாரைத் தானே மாட்டி இறுக்கினார். என்னவோ சொன்னார். அண்ணன் பிற்பாடு எங்களிடம் அதை எத்தனையோ தடவை சொல்லி அழுதிருக்கிறான்: “கயிறு கையிலயே இருக்கட்டும் மச்சான். தோலையே பாத்துக்கிட்டு இருங்க. அது ஏறி இறங்குதான்னு மட்டும் பாருங்க.” அதற்கு அண்ணன் சொன்னது, “நான் என்ன பச்சப் புள்ளையா மாப்ள? இறங்குங்க.”

அத்தான் ஏணியில் கால் வைத்தார். தலை மறைந்தது. ரப்பர் குழாய் அவருக்குப் பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போயிற்று.

அண்ணன் நல்லவன், தைரியசாலி, பாசக்காரன். ஆனால் அவனுக்கு ஒன்று தெரியாது. இத்தனை காலம் கீழே இருந்தபோது அவனுக்குக் காற்று வந்துகொண்டே இருந்தது. ஒரு தடவையாவது குறைந்திருந்தால் அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருப்பான். குறையவே இல்லை. அதனால் அது தானாக வருகிற சங்கதி என்று அவன் மனதில் பதிந்துபோயிருந்தது.

ஆரம்பத்தில் வீராப்பாக ஆட்டினான். துருத்தி புஸ் புஸ்ஸென்று தூக்கிப் போட்டது. ஆபீஸ் ஜன்னலிலிருந்து யாரோ, “இன்னிக்கு உங்க டர்னா?” என்று கேட்க, அண்ணன் பெரிய மனிதர் மாதிரி கையை உயர்த்திக் காட்டினான். வாளி இழுக்கும் ஆட்கள் இரண்டு பேர், கசடு நிறைந்த வாளியைக் கப்பியில் இழுத்துக் கொட்டிவிட்டு வரும்போதெல்லாம் அவனோடு பேசிச் சிரித்தார்கள். அத்தானிடம் அவர்கள் பேசிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

எனக்குக் கை சோப்பிலும் கண் முற்றத்திலுமாக இருந்தது. அண்ணன் தொடையைத் தேய்த்துவிட்டுக்கொள்வது தெரிந்தது. வலிக்க ஆரம்பித்திருக்கிறது. வேகம் குறைந்தது. பிறகு காலை மாற்றிப் போட்டான், வாரைக் கழற்றி மறு பாதத்தில் அவசரமாக மாட்டினான். சரிதான், சமாளித்துவிட்டான் என்று நினைத்தேன். வெயில் ஏறியது. டிபன் டப்பாவைத் திறந்தான். அது அக்கா கட்டிக்கொடுத்தது. அண்ணனுக்குப் பிடிக்குமென்று பார்த்துப் பார்த்துச் சமைத்திருந்தாள்.

நான் ஒரு கட்டுச் சோப்பை எடுத்து அடுக்கிவிட்டுத் திரும்பினேன். அண்ணன் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போட்டு, காலாட்டிக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கால் இப்போது லேசாக, அழகாக ஆடியது. முகத்தில் வலி இல்லை. பார்க்கிறவர்களுக்கு அப்படியே அத்தானைப் பார்க்கிற மாதிரிதான் இருந்திருக்கும். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. என்ன என்று சட்டென்று பிடிபடவில்லை.

துருத்தி ஆடவில்லை.

கால் ஆடுகிறது, துருத்தி ஆடவில்லை. வார் பாதத்திலிருந்து நழுவி, துருத்தியின் கைப்பிடியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வெறும் காற்றில் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். கால் லேசானதும் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டான். வாளி ஆட்கள் கசடு கொட்டப் போயிருந்தார்கள். கயிறு எங்கே என்று பார்த்தேன். சாப்பிடுவதற்குத் தோதாக அதை நாற்காலியின் கைப்பிடியில் கட்டிவைத்திருந்தான். அந்தக் கயிறு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. நாற்காலி குலுங்கியது. தான் காலாட்டுவதால் குலுங்குகிறது என்று இருந்துவிட்டான்.

நான் ஜன்னலைத் தட்டிக் கத்தினேன். பேக்கிங் மெஷின் சத்தத்தில் எனக்கே என் குரல் கேட்கவில்லை. ஓடினேன். சூப்பர்வைசர் குறுக்கே வந்து எங்கே போகிறாய் என்றார். பதில் சொல்ல நேரமில்லை. மேஜையைச் சுற்றி, அட்டைப் பெட்டிகளைத் தள்ளிவிட்டு, நடையைக் கடந்து முற்றத்துக் கதவுக்கு வந்தால் அங்கே வாட்ச்மேன்.

“பேக்கிங் ஆளுங்க இந்தப் பக்கம் வரக் கூடாதும்மா. பாஸ் இருக்கா?”

அத்தான் செத்துக்கொண்டிருக்கிறார், இவருக்கு பாஸ் வேண்டும். அவர் நெஞ்சில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினேன். அவர் என் அப்பா வயதுக்காரர். போய் விழுந்தார். அதற்காக நான் இன்றுவரை வருத்தப்படவில்லை.

அண்ணன் என்னைப் பார்த்ததும் வாயில் சாப்பாட்டோடு சிரித்தான்.

“என்னம்மா, நீயும் வேடிக்கை பாக்க வந்துட்டியா? பாரு, பழகிடுச்சு.”

எனக்கு மூச்சு இரைத்தது. வாரைக் காட்டினேன். அவன் குனிந்து பார்த்தான். கால் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஜன்னலிலிருந்து பார்த்தபோது வெட்டி வெட்டி இழுத்த கயிறு, இப்போது ஆடாமல் தளர்ந்து கிடந்தது.

டிபன் டப்பா உருண்டது. அண்ணன் துருத்தியின் மேல் விழுந்து இரண்டு கையாலும் அமுக்கினான். நான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். கனத்தது. வாளி ஆட்கள் ஓடிவந்து, கயிற்றை என் கையிலிருந்து பிடுங்கி, கப்பியில் போட்டார்கள். மூன்று பேருமாக இழுத்தோம். கயிறு அங்குலம் அங்குலமாக வந்தது. ஏணியில் ஏதோ மாட்டியது. ஒருவர் குனிந்து உள்ளே கை விட்டு விடுவித்தார். அந்த நேரம் முழுக்க அண்ணன், “மாப்ள, மாப்ள” என்று தொட்டி வாயைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே துருத்தியை அமுக்கினான். எனக்கு அக்காவின் முகம்தான் கண்ணில் நின்றது. அவளிடம் போய் என்ன சொல்வேன், யாரைச் சொல்வேன்?

அத்தான் மேலே வந்தார். முகமூடியைக் கழற்றினால் உதடு நீலமாக இருந்தது. கண் பாதி திறந்து யாரையும் பார்க்கவில்லை. ஃபாக்டரி கம்பவுண்டர் ஓடிவந்து அவரைத் தரையில் மல்லாத்தி நெஞ்சை அமுக்க ஆரம்பித்தார். ஆபீஸ் ஜன்னல் எல்லாவற்றிலும் தலைகள். அமுக்கினார், வாயில் ஊதினார், மறுபடி அமுக்கினார். “வாய்யா, வாய்யா” என்று முனகிக்கொண்டே அமுக்கினார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் கண் அவர் சட்டையின் மேல்தான் இருந்தது, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்று. வாழ்க்கை முழுக்க இந்த மனிதர் இதைத்தான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சட்டை ஒரு தடவை ஏறியது. கொஞ்சம் நின்று, மறுபடி ஏறியது. பிறகு இருமல் வந்தது. அவ்வளவு மோசமான இருமலைக் கேட்டு நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தா பெஞ்சில் அக்காவும் அண்ணியும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். “நான்தான் அனுப்புனேன், பயமான்னு கேட்டேன்” என்று அக்கா. “என் நாக்கு அழுகிப்போக, நான்தானே ஆரம்பிச்சேன்” என்று அண்ணி. இரண்டு பேரும் பழியைச் சுமக்கப் போட்டி போட்டார்கள். எனக்கு இருவரையும் ஆளுக்கு ஒரு அறை விட வேண்டும்போல இருந்தது. விடாமல் தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தேன்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். அத்தானுக்கு நினைவு வந்திருந்தது. பேச்சு கரகரவென்று பாதி பாதியாக வந்தது. அண்ணன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான்.

“அழாதீங்க மச்சான்” என்றார் அத்தான். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். “கீழ இறங்குனதும் எப்படி இருந்துச்சு தெரியுமா? அப்பாடான்னு இருந்துச்சு.”

அண்ணனுக்குப் புரியவில்லை. எங்களுக்கும்தான்.

“இத்தனை வருஷத்துல வேலை நேரத்துல எனக்கு அப்படி இருந்ததே இல்ல. என் உயிரு மேல ஒருத்தர் கையில இருக்கு, எனக்கென்ன? நான் பாட்டுக்குச் சுரண்டிக்கிட்டு இருந்தேன். பாட்டுக்கூடப் பாடுனேன்.”

“இவரு பாடுவாரா?” என்று அக்கா என்னிடம் கேட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் பாடி அவள் கேட்டதில்லை.

“ஊரு ஆளை மாத்திச் சொல்லிடுச்சு மச்சான்” என்றார் அத்தான். “இத்தனை வருஷமா காலாட்டிக்கிட்டுச் சாப்பிட்டது, கீழ இருந்த நீங்கதான்.” அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. நர்ஸ் வந்து, பேசினது போதும், தூங்க விடுங்கள் என்று எங்களை அதட்டினாள். ஊசி போட்டாள். கொஞ்ச நேரத்தில் அவர் கண் சொருகியது.

நாங்கள் கிளம்புவதா இருப்பதா என்று நின்றுகொண்டிருந்தபோது போர்வை அசைந்தது. அத்தானின் வலது கால். நல்ல தூக்கத்தில் இருந்தார், வாய் திறந்திருந்தது, கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நிதானமாக, ஒரே சீராக. அக்கா இதைத் தினமும் பார்த்திருப்பாள் போலும். அவள் ஆச்சரியப்படவில்லை. “வீட்டுலயும் இப்படித்தான். படுத்தாலும் இந்தக் கால் சும்மா கிடக்காது. நானும் திட்டியிருக்கேன்” என்றாள். சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, போர்வைக்கு மேலாக அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். “யாரும் கீழ இல்லைங்க. தூங்குங்க” என்றாள். கால் அவள் கையையும் சேர்த்து ஆட்டியது. மறுபடி சொன்னாள். அது நிற்கவில்லை.

அண்ணன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தலைமாட்டுக்குப் போனான். குனிந்து அவர் காதோரம் வாயை வைத்தான்.

“மாப்ள, நான் மேல வந்துட்டேன்.”

கால் நின்றது. அக்கா கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.